சொல்லிவைக்காத சைரன்

2025 மே 7-ஆம் தேதி மாலை நான்கு மணிக்குச் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் சைரன் ஒலித்தது. ‘ஆபரேஷன் அப்யாஸ்’ என்ற பெயரில் நாடு முழுவதும் நடந்த பாதுகாப்பு ஒத்திகையில் தமிழ்நாட்டின் பங்கு அது. எங்கே நடக்கும், எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதெல்லாம் முன்கூட்டியே செய்திகளில் வந்துவிட்டன. தொலைக்காட்சியில் பார்த்த பலர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். சொல்லிவைத்து ஊதும் சைரனுக்கு ஓடிப் பழகி என்ன பயன்? எதிரி நேரம் குறித்துக் கொடுத்துவிட்டா வருவான்?

நியாயமான கேள்விதான். முதல் ஒத்திகையில் பயன் உண்டு. யார் எங்கே நிற்க வேண்டும், எந்தக் கதவு பூட்டியிருக்கிறது, எந்த எண்ணுக்கு அழைத்தால் யாரும் எடுப்பதில்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். அதே ஒத்திகையை ஐந்தாம் முறை நடத்தும்போது ஆபத்தைச் சமாளிக்க யாரும் கற்பதில்லை. அந்த ஒத்திகையைச் சமாளிக்கத்தான் கற்கிறார்கள்.

படைவீரருக்கு இது தலையாய சிக்கல். மருத்துவர் நாள்தோறும் நோயாளிகளைப் பார்த்துக் கற்கிறார். லாரி ஓட்டுநருக்குச் சாலையே பள்ளிக்கூடம். படைவீரரோ பணிக்காலம் முழுதும் பயிற்சி எடுத்து, அந்தப் பயிற்சி எதற்காகவோ அதை ஒருமுறைகூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். நாமும் அதைத்தான் விரும்புகிறோம். அப்படியானால் எதிர்பாராததை எப்படி ஒத்திகை பார்ப்பது? இருநூறு ஆண்டுகளாகப் படைகள் கேட்டுவரும் இந்தக் கேள்விக்கு இப்போது செயற்கை நுண்ணறிவும் பதில் சொல்ல வந்திருக்கிறது. அந்தப் பதிலில் எவ்வளவு தேறும் என்பதைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் கல்வராயன் மலையையும் களமாக வைத்துப் பார்ப்போம்.

மலை அதேதான், கதை வேறு

சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் தியாகதுருகம் மலைக்கோட்டையைப் பார்த்திருப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள், மைசூர்ப் படைகள் என்று மூன்று தரப்பும் மாறி மாறிக் கண்வைத்த கோட்டை. 1761 பிப்ரவரியில், இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்த முற்றுகைக்குப் பிறகு, உள்ளே இருந்த பிரெஞ்சுக் காவற்படை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. 1790-இல் அதே கோட்டையைத் திப்பு சுல்தான் தாக்கியபோது கதை வேறாக முடிந்தது. உள்ளே பொறுப்பில் இருந்தவர் கேப்டன் ஃபிளின்ட். பத்தாண்டுகளுக்கு முன் வந்தவாசிக் கோட்டையை ஹைதர் அலியிடம் விடாமல் காத்து நின்றவர். திப்புவின் படையால் தியாகதுருகத்துக்குள் நுழைய முடியவில்லை.

பாறையின் சரிவும் சுவரின் உயரமும் அதேதான். மாறியது உள்ளே இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும், அவர்களுக்குத் தெரிந்ததும் தெரியாததும், அவர்களுடைய பசியும் பயமும் பிடிவாதமும். போர்ப் பயிற்சியின் முழுச் சிக்கலும் இந்த ஒரு கோட்டைக்குள் அடங்கிவிடுகிறது. நிலத்தை அளந்து வைக்கலாம். மனிதர்களை அளந்து வைக்க முடியாது.

மேசைமேல் ஒரு போர்க்களம்

1824-இல் பிரஷ்யப் படையின் இளம் அதிகாரியான ரைஸ்விட்ஸ், தன் தந்தை தொடங்கிவைத்த ஒரு விளையாட்டைச் செம்மையாக்கிப் படைத் தலைமைக்குக் காட்டினார். மேசைமேல் துல்லியமான நிலப்படம், படைப்பிரிவுகளுக்குச் சிறு கட்டைகள், தற்செயலுக்குப் பகடை. இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர். ஆடுபவர்கள் எதிரியின் கட்டைகளைப் பார்க்க முடியாது. கட்டளையை எழுதி நடுவரிடம் தருவார்கள். களத்தில் அந்தப் படைப்பிரிவுக்கு என்ன கண்ணில் பட்டிருக்குமோ அதை மட்டும் நடுவர் திருப்பிச் சொல்வார். குன்றுக்குப் பின்னால் இருப்பது தெரியாது. அனுப்பிய தூதுவன் வந்துசேர நேரம் பிடிக்கும். சில சமயம் வராமலே போவான்.

விளையாட்டின் விதிகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகின. அட்டவணைகளைப் புரட்டியே பொழுது போனது. 1876-இல் ஜெனரல் வெர்டி தூ வெர்னுவா என்பவர் அட்டவணைகளை ஓரம் கட்டச் சொன்னார். போரைக் கண்ட ஒரு மூத்த அதிகாரி நடுவராக உட்கார்ந்தால் போதும், அவருடைய அனுபவமே விதி என்பது அவர் கட்சி. பயிற்சி உயிர் பெற்றது. ஆனால் அப்படிப்பட்ட நடுவர்கள் ஒரு படையில் எத்தனை பேர் இருப்பார்கள்?

இந்திய ராணுவத்தில் இன்றும் மணலில் நிலத்தோற்றத்தை அமைத்து அதைச் சுற்றி நின்று விவாதிக்கும் ‘சாண்ட் மாடல்’ பயிற்சி உண்டு. வீரர்கள் இல்லாமல் அதிகாரிகள் மட்டும் நிலத்தைப் பார்த்து முடிவெடுத்துப் பழகும் பயிற்சிக்கு ‘டியூட்’ என்று பெயர். இரண்டிலும் பாதி உயிர் நடத்துகிறவர் கையில்தான். நல்ல பயிற்சியாளர் நடுவில் குறுக்கிட்டு, “உன் வயர்லெஸ் இப்போது வேலை செய்யவில்லை, என்ன செய்வாய்?” என்பார். அந்தக் கேள்வியைத் தாளில் எழுதி வைத்திருக்க மாட்டார். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார்.

பிறகு கணினி வந்தது. குண்டு எங்கே விழும், டாங்க் எந்தச் சரிவில் ஏறும் என்பதையெல்லாம் அது மனிதரைவிடச் சரியாகக் கணக்கிட்டது. நிஜக் களத்தைப்போலவே நடந்துகொள்ளும் இப்படிப்பட்ட கணினிக் களத்தை இங்கே ‘பாவனைக்களம்’ என்று அழைப்போம். அதில் ஒரு குறை இருந்தது. உள்ளே வரும் மனிதர்கள் எழுதிக் கொடுத்த வசனத்தை மட்டுமே பேசினார்கள். மூன்று கேள்விக்கு மூன்று பதில். நான்காவதாக ஒன்றைக் கேட்டால் விழிப்பார்கள். நடுவரின் கணக்கைக் கணினி எடுத்துக்கொண்டது. அவருடைய பேச்சு மட்டும் கைமாறாமல் நின்றது.

1942-இன் இரண்டு நடுவர்கள்

இயந்திரத்துக்கு வருமுன் நல்ல நடுவர் யார், கெட்ட நடுவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே ஆண்டில் இரண்டு உதாரணங்கள் கிடைக்கின்றன.

ஜப்பானியக் கடற்படை மிட்வே தீவைத் தாக்கப் புறப்படுமுன் ‘யமாட்டோ’ கப்பலில் மேசைப்போர் நடத்தியது. அமெரிக்க விமானங்கள் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைத் தாக்கினால் என்ன ஆகும் என்று நடுவர் ஒகுமியா பகடை உருட்டினார். ஒன்பது குண்டுகள் இலக்கைத் தாக்கின. ‘அகாகி’, ‘காகா’ இரண்டும் மூழ்கின. மேற்பார்வையில் இருந்த அட்மிரல் உகாகி ஒன்பதை மூன்றாகத் திருத்தினார். மூழ்கியதாக மிஞ்சிய ‘காகா’வும் ஆட்டத்தின் அடுத்த கட்டத்தில் மீண்டும் மிதந்தது. இதைப் பின்னாளில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் ஒகுமியாவேதான். ஜூன் 4 அன்று நிஜ மிட்வேயில் ‘அகாகி’யும் ‘காகா’வும் எரிந்தன. கூடவே ‘சோர்யு’, ‘ஹிர்யு’ இரண்டும் போயின.

அதே 1942-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துவந்த ஜெர்மன் நீர்மூழ்கிகளைச் சமாளிக்க ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கப்பட்டது. தலைவர் கில்பர்ட் ராபர்ட்ஸ். கூடத்தின் தரையே கடல். கப்பல் தலைவர்கள் திரைக்குப் பின் நின்று சிறு துளை வழியாகப் பார்ப்பார்கள். கப்பலில் இருந்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் துளையிலும் தெரியும். ஆட்டத்தை நடத்தியவர்கள் கடற்படை மகளிர் பிரிவின் இளம்பெண்கள். அவர்களில் பலர் கடற்போரைக் கண்ணால் பார்த்ததில்லை. நீர்மூழ்கிப் போரில் பழுத்த அனுபவம் கொண்ட அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன் அங்கே வந்து நீர்மூழ்கித் தலைவராக ஆடினார். ஜேனட் ஒக்கெல் என்ற இளம்பெண் அவரை அடுத்தடுத்து ஐந்து முறை தோற்கடித்தார். தன்னை வென்றவர் யார் என்று தெரிந்த பிறகும் ஹார்ட்டன் ஆட்டத்தின் முடிவைத் திருத்தச் சொல்லவில்லை. போர் முடிவதற்குள் சுமார் 5,000 அதிகாரிகள் அந்தத் தரையில் பயிற்சி பெற்றார்கள்.

இந்த இரண்டு கூடங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லடுக்கும் இயந்திரம்

கேட்டதும் கட்டுரை எழுதித் தரும், படம் வரைந்து தரும் கணினி நிரல்களை இன்று கைப்பேசியிலேயே பார்க்கிறோம். ஏற்கெனவே இருப்பதைத் தேடி எடுத்துத் தராமல் புதிதாக ஒன்றை ஆக்கித் தருவதால் இதை ஆக்கச் செயற்கை நுண்ணறிவு என்று சொல்லலாம். இனி சுருக்கமாக ஏஐ. எழுத்தைக் கையாளும் ஏஐ செய்வதன் அடிப்படை எளிது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று பழகுகிறது. ‘மழை’க்குப் பின் ‘பெய்தது’ வரலாம், ‘நின்றது’ வரலாம், ‘சமைத்தது’ வராது. இந்தப் பழக்கம் பேரளவில் திரளும்போது, பயந்துபோன ஒரு கிழவர் எப்படிப் பேசுவார், எரிச்சலான அதிகாரி எப்படிப் பேசுவார் என்பதும் அதற்குக் கைவருகிறது.

ஆகவே ரைஸ்விட்ஸின் நடுவருக்கு இருந்த பேச்சு முதன்முறையாக இயந்திரத்துக்குக் கிடைத்திருக்கிறது. நான்காவது கேள்விக்கு மட்டுமல்ல, நாற்பதாவது கேள்விக்கும் அது பதில் சொல்லும்.

பேச்சு மட்டும் போதாது. ஆளறிந்து நடக்கவும் வேண்டும். சிலம்ப ஆசான் புதிதாக வந்தவனிடமும் ஐந்து வருடம் ஆடியவனிடமும் ஒரே வேகத்தில் கம்பு வீசுவதில்லை. எந்தப் பக்கம் தடுக்கத் தெரியவில்லையோ அந்தப் பக்கமே அடி வரும்; தடுக்கத் தெரிந்ததும் வேறு பக்கம் வரும். கற்பவரின் நிலைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் இந்தப் பயிற்சியைத் ‘தகவமைப் பயிற்சி’ என்போம். தகவமையும் பாவனைக்களத்தில் ஏஐ எப்படி வேலை செய்யும் என்று ஓர் உதாரணத்தை நிதானமாக நடத்திப் பார்ப்போம்.

கச்சிராயபாளையம் சாலையில்

கல்வராயன் மலையில் இப்படி ஒரு பயிற்சி நடந்ததாக எண்ணிவிட வேண்டாம். மலை நிஜம், பயிற்சி நம் கற்பனை.

துப்பாக்கிச் சூட்டை விட்டுவிட்டு வெள்ளத்தை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. மாவட்ட நிர்வாகம் அழைக்கும்போது மீட்புக்கு வருவதும் ராணுவத்தின் வேலைதான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின், டிசம்பர் 1 அதிகாலையில் சென்னையிலிருந்து ராணுவத்தினர் புதுச்சேரிக்கு விரைந்து, வெள்ளம் சூழ்ந்த வீடுகளிலிருந்து மக்களை மீட்டார்கள். அதே மழையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடிவரை நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்கள் மறக்க முடியாத வெள்ளம் வந்தது.

நம் உதாரணத்தில் அப்படி ஒரு மழைநாள். கோமுகி அணை நிரம்பி வருகிறது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் மலைச்சாலையில் இளம் லெப்டினன்ட் ஒருவர், இருபது வீரர்கள், இரண்டு லாரிகள், ஒரு வயர்லெஸ் செட். ஓடைக்கு அப்பால் உள்ள சிற்றூரில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. லெப்டினன்ட் நிஜத்தில் பயிற்சி அறையில் திரைமுன் உட்கார்ந்திருக்கிறார். அவர் பேசுவது ஒலிவாங்கியில். பதில் பேசும் குரல்கள் ஏஐயுடையவை.

ஊரிலிருந்து பேசுகிறவர் அந்தப் பெண்ணின் மாமனார். அவராகப் பேசப்போகும் ஏஐக்குப் பயிற்சியாளர் முன்கூட்டியே தரும் குறிப்பு இப்படி இருக்கும்: ‘நீ ஐம்பது வயது விவசாயி. காலை ஏழு மணிக்கு ஒரு ஜீப் ஓடையைக் கடந்து போனதைப் பார்த்தாய். அதன்பின் வீட்டைவிட்டு வரவில்லை. மருமகளை நினைத்துப் பதறுகிறாய். பொய் சொல்ல மாட்டாய். ஆனால் வண்டி எப்படியாவது வந்துவிட வேண்டும் என்ற தவிப்பு பேச்சில் இருக்கும். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று எண்ணில் சொல்லக் கூடாது.’

இப்போது மணி பதினொன்று. லெப்டினன்ட் கேட்கிறார்: “ஓடையைத் தாண்டி லாரி வருமா ஐயா?”

“வரும் சார். காலையில ஒரு ஜீப்பு தாண்டிப் போச்சு, நானே பாத்தேன். கொஞ்சம் வெரசா வாங்க சார், பொண்ணு ரொம்பத் துடிக்குது.”

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. லெப்டினன்ட் லாரியை அனுப்புகிறார். நான்கு மணி நேர மழையில் ஓடை ஏறியிருக்கிறது. லாரி நடுவில் மாட்டிக்கொள்கிறது. அவர் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: “நீங்க ஓடையைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?” கேட்டிருந்தால், “ஏழு மணிக்கு சார், அதுக்கப்புறம் நான் வெளிய வரல” என்று பதில் வந்திருக்கும். பழைய பாவனைக்களத்தில் இந்தக் கேள்வியைத் திரையில் ஒரு பொத்தானாக வைத்திருப்பார்கள். பொத்தானைப் பார்த்ததுமே விடை தெரிந்துவிடும். இங்கே பொத்தான் கிடையாது. கேள்வி அவருக்கே தோன்ற வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் தனியாக ஒரு சிறு நிரல் குறித்துக்கொள்கிறது: முதல் தகவலையே நம்பினார், அது எப்போதைய தகவல் என்று கேட்கவில்லை. இரண்டாம் சுற்றில் அந்தப் பக்கமே அடி. ஓடை கடக்கலாம் என்று வனக்காவலர் சொல்கிறார். முடியவே முடியாது என்று கிராம நிர்வாக அலுவலர் சொல்கிறார். இருவரும் தாங்கள் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள், வேறு வேறு நேரத்தில், வேறு வேறு இடத்திலிருந்து. லெப்டினன்ட் இம்முறை கேள்வி கேட்கிறார். வீரர் ஒருவரை நடந்துபோய்ப் பார்த்துவரச் சொல்கிறார். தேறிவிட்டார்.

மூன்றாம் சுற்றில் எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்க்கிறார். ஓடையே இல்லாத பாதைக்கும் ஆள் அனுப்புகிறார். முக்கால் மணி நேரம் போகிறது. பயிற்சியில் அடிக்கடி நடப்பது இது. ஒரு தவறுக்குக் கொடுத்த மருந்து அடுத்த நோயாகிவிடும். நிரல் இதையும் கவனிக்கிறது. நான்காம் சுற்றில் தகவல்கள் எல்லாம் சரியானவையே, நேரம்தான் இல்லை. நடுவில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு குரல்: திருக்கோவிலூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள், ஒரு லாரியை உடனே இறக்கி அனுப்புங்கள். இதற்குச் சரியான விடை என்று எதுவும் இல்லை. தன் முன்னால் இருக்கும் நிலையை எதிர்முனைக்குப் புரியும்படி இரண்டே வாக்கியத்தில் சொல்லத் தெரிகிறதா என்பதுதான் சோதனை.

போர்முனைக்கும் முறை இதுவே. ஓடையின் இடத்தில் கண்ணிவெடிப் பாதை வரும். மாமனாரின் இடத்தில் எல்லைக் கிராமத்துக்காரரோ பிடிபட்ட எதிரியோ வருவார். ஒருவர் நான்கு சுற்றில் கற்றதை அடுத்தவர் ஒன்பது சுற்றில் கற்கலாம். இருவருக்கும் வெவ்வேறு சுற்றுகள் அமையும். நூறு பேர் வகுப்பில் எந்தப் பயிற்சியாளராலும் தனியாகச் செய்ய முடியாத வேலை இது.

ஓடையின் கணக்கு யாரிடம்?

மேலே ஒரு குறிப்பைக் கவனித்திருக்கலாம்: ‘தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று எண்ணில் சொல்லக் கூடாது.’ அதற்குக் காரணம் உண்டு.

ஓடையில் எவ்வளவு நீர் வரும் என்பதைப் பள்ளிக்கூடக் கணக்கிலேயே தோராயமாகப் போடலாம். ஓடைக்கு நீர் தரும் சரிவு 10 சதுர கிலோமீட்டர் என்று கொள்வோம். அதாவது ஒரு கோடி சதுர மீட்டர். ஆறு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் மழை. மொத்தம் 10 லட்சம் கன மீட்டர் நீர். பாதி மண்ணுக்குள் போகிறது, மீதிப் பாதி அந்த ஆறு மணி நேரத்துக்குள் ஓடைக்கு வருகிறது என்றால் நொடிக்குச் சுமார் 23 கன மீட்டர். கன அடிக் கணக்கில் சுமார் 800. இது சராசரிதான். மழை உச்சத்தில் இருக்கும்போது இதைவிடக் கூடுதலாக வரும். சரிவு, மண், காட்டின் அடர்த்தி எல்லாம் சேர்த்து நுட்பமாகப் போட ஆறுகளுக்கான கணிப்பு நிரல்கள் தனியே இருக்கின்றன. 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஓடும் வெள்ளம் பெரும்பாலான கார்களை அடித்துச் சென்றுவிடும் என்பதை நினைத்தால் இந்த எண்கள் எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

சொல்லடுக்கும் ஏஐயிடம் நேரடியாகக் கேட்டால், தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லிவிடும். அந்த எண் கணக்குப் போட்டு வந்ததாக இருக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் பொருந்தும் சொல்லாக வந்திருக்கலாம். இல்லாத பாலத்தையும் இருப்பதாகச் சொல்லும், அதுவும் அழகான தமிழில். கதை எழுதும்போது இது குறையில்லை. பயிற்சியில் இது விஷம். தண்ணீர் லாரியை இழுக்காது என்று பாவனைக்களத்தில் பத்து முறை கற்றவர் பதினோராம் முறை நிஜ ஓடையில் இறங்குவார். பயிற்சியே இல்லாதவராவது பயந்து நின்றிருப்பார்.

ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மலையும் மழையும் ஓடையும் குண்டின் பாதையும் இயற்பியல் நிரலிடம். அடுத்த சுற்றில் எது கடினமாக வேண்டும் என்ற தேர்வு, மனிதப் பயிற்சியாளர் பார்த்துத் திருத்தக்கூடிய தனி நிரலிடம். மனிதக் குரல்கள் மட்டும் ஏஐயிடம். தியாகதுருகத்தின் பாறையைக் கணக்கிடலாம். உள்ளே இருந்தவர்களைக் கற்பனைதான் செய்ய வேண்டும்.

தலையாட்டும் நடுவர்

இனி உகாகிக்கு வருவோம். இன்றைய ஏஐகள், மனிதர்களுக்குப் பிடித்த பதிலைத் தரும்படியும் பழக்கப்படுத்தப்பட்டவை. அதன் பக்கவிளைவாக அவை கேட்பவருக்கு இணங்கிப்போகின்றன. அழுத்திச் சொன்னால் தங்கள் சரியான பதிலையே மாற்றிக்கொள்கின்றன. பாவனைக்களத்தில் லெப்டினன்ட் அதட்டலாக, “எனக்குத் தெரியும், ஓடை வற்றிவிட்டது” என்றால், “ஆமாம் சார்” என்று சொல்லும் மாமனார் கிடைத்தால் என்ன ஆகும்? மேலதிகாரி வந்து உட்கார்ந்ததும் ஒன்பது குண்டு மூன்றாகும். ‘யமாட்டோ’ கப்பலில் ஒரு மனிதர் செய்ததை இங்கே இயந்திரம் தானாகவே, யாரும் கேளாமலே செய்துவிடும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். ஹார்ட்டனை ஐந்து முறை தோற்கடிக்கும் துணிவை ஓர் இயந்திரத்துக்குள் வைப்பது, அதற்குப் பேசக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம்.

எதிரியாக நடிக்க வைக்கும்போது வேறொரு சிக்கல். அமெரிக்க ஆய்வாளர்கள் 2024 தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வில், ஐந்து ஏஐகளைக் கற்பனை நாடுகளின் தலைமைப் பொறுப்பில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஐந்துமே மோதலைப் பெரிதாக்கும் பக்கம் சாய்ந்தன. எப்போதாவது அணுகுண்டு வரையும் போயின. எதிர்பாராத இடங்களில் திடீரென்று சீறின. இப்படிப்பட்ட எதிரியோடு மட்டுமே ஆடிப் பழகிய அதிகாரி, உலகமே அப்படித்தான் என்று நம்பத் தொடங்குவார்.

இந்தியாவில் இதற்கான அடித்தளம் போடப்பட்டு வருகிறது. முப்படைகளிலும் பாவனைப் பயிற்சியைப் பரவலாக்கும் வழிகாட்டியைப் பாதுகாப்பு அமைச்சகம் 2021 செப்டம்பரில் வெளியிட்டது. 2022 மே மாதம், சிம்லாவில் உள்ள ராணுவப் பயிற்சித் தலைமையகமும் காந்திநகரின் ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகமும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் மேசைப்போர் மையத்துக்காக ஒப்பந்தம் செய்தன. ராணுவப் பயன்பாட்டுக்கான ஏஐ எவ்வளவு நம்பத் தகுந்தது என்று மதிப்பிடும் நெறி 2024 அக்டோபரில் வந்தது. இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் நம் பேச்சுக்கு நெருக்கமானது. குரல் எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்பதைவிட, அதட்டினால் உண்மையை விடாமல் நிற்கிறதா என்பதைச் சோதிக்கும் தேர்வுகள் அதில் இடம்பெற வேண்டும்.

மலையின் குரல்

ஏஐ தான் படித்ததிலிருந்துதான் பேசும். கல்வராயன் மலையைப் பற்றி அது என்ன படித்திருக்கும்?

சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மலைத்தொடரில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தாரைக் குறிக்கும் பெயரல்ல, மலையில் வாழும் தமிழ் பேசும் மக்கள். 1976 வரை இங்கே ஜாகீர்தார்கள் ஆட்சிதான். சாலையும் மருத்துவமனையும் தாமதமாக வந்த இடம். இவர்களின் பேச்சு இணையத்தில் ஏறக்குறைய இல்லை. இவர்களைப் பற்றி இணையத்தில் இருப்பதில் பெரும்பகுதி சாராய வேட்டைச் செய்திகள், செம்மரக் கடத்தல் செய்திகள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, மலைக்குக் கீழே நடந்த அந்தத் துயரத்தின் செய்திகளிலும் கல்வராயன் மலையின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது.

இந்தச் செய்திகளைப் படித்து வளர்ந்த ஏஐயிடம், ‘கல்வராயன் மலைவாசியாகப் பேசு’ என்று மட்டும் சொன்னால் என்ன வரும்? ஒன்று, சென்னைத் தொலைக்காட்சித் தொடரில் வரும் கிராமத்தான் வருவான். இல்லையென்றால் எதையோ மறைக்கிற, கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாத சந்தேக ஆசாமி வருவான். அந்தக் குரலோடு ஐம்பது மணி நேரம் பழகிய ஒரு வீரர், நிஜ வெள்ளத்தில் நிஜ மாமனாரின் முன்னால் நிற்கும்போது அவரை எந்தக் கண்ணால் பார்ப்பார்? பாவனைக்களம் ஓடையைத் தவறாகக் காட்டினால் ஒரு லாரி போகும். மக்களைத் தவறாகக் காட்டினால் அந்த மக்களின் நம்பிக்கை போகும். அடுத்த முறை ஓடை ஏறியிருக்கிறது என்று சொல்லக்கூட அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். கல்வராயன் மலைக்கு மட்டுமான பிரச்சினையும் இல்லை இது. வடகிழக்கு மலைகளிலும் லடாக்கிலும் பஸ்தர் காடுகளிலும் ராணுவமோ துணை ராணுவமோ சந்திக்கும் மக்கள் பலரும் இணையத்தில் தங்கள் குரலில் இல்லாதவர்கள். அடுத்தவர் எழுதிய செய்தியாகவே அங்கே இருக்கிறார்கள்.

இதற்குத் தீர்வு கணினிக்கு வெளியே இருக்கிறது. வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் இருப்பவர்களை அழைத்து உட்கார வைத்து, ஏஐ பேசும் மாமனாரைக் கேட்கச் செய்ய வேண்டும். “எங்க ஊர்ல இப்படிப் பேச மாட்டாங்க” என்று அவர்கள் சொல்கிற ஒவ்வோர் இடமும் திருத்தப்பட வேண்டும். எந்த ஓடை எத்தனை மணி நேர மழையில் ஏறும், எந்தப் பாறையில் நின்று பார்த்தால் தெரியும் என்று அவர்களிடம் உள்ள அறிவையும் களத்துக்குள் கொண்டுவர வேண்டும். தங்கள் குரல் எதற்குப் பயன்படப்போகிறது என்று அவர்களுக்கு முதலிலேயே விளங்கச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் வேண்டும். அந்த வேலைக்குத் தரும் கூலியும் நாள்கூலியாக இருக்கக் கூடாது. அந்த அறையில் அவர்கள் பயிற்சியாளர்கள். பயிற்சியாளருக்கு உரிய ஊதியத்தையே தர வேண்டும்.